பாட்டு வகுப்பு கணக்குக்கு உதவுமா?

பள்ளியில் இசை வகுப்பு வேண்டும் என்று யாராவது பேச ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடத்தில் கணக்கு வந்துவிடும். இசை கற்றால் மூளை வளரும், ஞாபகசக்தி கூடும், கணக்கு நன்றாக வரும். கீபோர்டு வகுப்பு நோட்டீஸில் இது இருக்கும், ஆண்டுவிழா சிறப்பு விருந்தினர் பேச்சில் இருக்கும், வாட்ஸ்அப்பிலும் சுற்றும். சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஏற்கெனவே நிரம்பி வழியும் டைம்டேபிளில் பாட்டுக்கு ஒரு பீரியட் கேட்க வேண்டுமென்றால், தலைமை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் பிடிபடும் காரணம் ஒன்று வேண்டும் அல்லவா?

சிக்கல் என்னவென்றால், கணக்கைச் சாக்காக வைத்து வாங்கிய பீரியட் கணக்குக்கே திரும்பப் போய்விடும். அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது, "பாட்டு கணக்குக்காகத்தான் என்றால் நான் நேராகக் கணக்கையே நடத்திவிடுகிறேனே" என்று கணக்கு ஆசிரியர் கேட்டால் என்ன பதில் சொல்வது? அவர் கேட்பது நியாயம்தான். நம் பள்ளிகளில் பாட்டு, ஓவியம், விளையாட்டு பீரியட்களுக்கு நேரும் கதி எல்லோருக்கும் தெரிந்ததே.

அதனால் முதலில் அந்தக் காரணத்தையே சோதித்துப் பார்க்கலாம். கல்வி உளவியலில் இதற்கு ஒரு கருத்து இருக்கிறது. பி.எட். படித்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள்: கற்றல் மாற்றம். ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்தில் கைகொடுப்பதை இப்படிச் சொல்கிறோம். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவருக்கு ஸ்கூட்டர் சீக்கிரம் வசப்படுகிறது. இரண்டிலும் உடலின் சமநிலை பொது. இது அருகிலுள்ள மாற்றம். சதுரங்கம் ஆடுகிறவருக்கு வியாபாரத்தில் சாமர்த்தியம் வரும் என்பது தொலைவிலுள்ள மாற்றம். முதலாவது அடிக்கடி நடக்கும். இரண்டாவது நடக்கும் என்று எல்லோரும் நம்புகிறோம், ஆனால் தேடிப் போனால் கிடைப்பது அரிது.

இது இன்று நேற்று தெரிந்த விஷயமும் இல்லை. இலத்தீன் படித்தால் புத்தி பொதுவாகவே கூர்மையாகும் என்று மேலை நாட்டுப் பள்ளிகள் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 1901இல் எட்வர்ட் தார்ன்டைக், ராபர்ட் உட்வொர்த் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் அதைச் சோதித்தார்கள். செவ்வகங்களின் பரப்பைக் கண்ணால் பார்த்தே மதிப்பிடச் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அப்புறம் வேறு அளவுகளையும் வேறு வடிவங்களையும் காட்டினார்கள். பயிற்சி பெற்றதில் நன்றாகத் தேறியவர்கள் மற்றதில் அந்த அளவுக்குத் தேறவில்லை. இரண்டு வேலைகளிலும் பொதுவான கூறுகள் எவ்வளவு இருக்கின்றனவோ அவ்வளவுதான் மாற்றம் நடக்கும் என்பது அவர்கள் வந்த முடிவு. நூற்றாண்டு கடந்தும் அந்த முடிவு பெரிதாக ஆட்டம் காணவில்லை.

பாட்டுக்கும் கணக்குக்கும் பொதுவான கூறு என்ன? தாளத்தில் எண்ணிக்கை இருக்கிறது, அரை, கால் எல்லாம் இருக்கின்றன. சரி. ஆனால் ஆதி தாளம் போடத் தெரிந்த பிள்ளை எட்டு வரை எண்ணுகிறாள். அதிலிருந்து இயற்கணிதத்துக்கு நேர்வழி ஏதும் இல்லை.

மோட்சார்ட் சி.டி. வந்த கதை

இசையும் மூளையும் பற்றி ஊரெல்லாம் பேசப்படுவதற்கு ஊற்றுக்கண் ஒன்று உண்டு. 1993இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் ஒரு பக்க அளவில் ஒரு குறிப்பு வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் ஃபிரான்சிஸ் ரௌஷரும் உடன் இருவரும் செய்த சோதனை. 36 கல்லூரி மாணவர்கள் 10 நிமிடம் ஆஸ்திரிய இசையமைப்பாளர் மோட்சார்ட் இரண்டு பியானோக்களுக்கு எழுதிய சொனாட்டா ஒன்றைக் கேட்டார்கள். அவர்களே இன்னொரு முறை, உடலைத் தளர்த்திக்கொள்ளச் சொல்லும் ஒலிநாடாவைக் கேட்டார்கள். மற்றொரு முறை சும்மா அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு, மடித்து வெட்டிய காகிதத்தைப் பிரித்தால் எப்படித் தெரியும் என்பது போன்ற புதிர்கள். மோட்சார்ட் கேட்ட பிறகு மதிப்பெண் கூடியிருந்தது. நுண்ணறிவு ஈவாக (ஐ.க்யூ.) மாற்றிச் சொன்னால் 8, 9 புள்ளி. விளைவு நீடித்தது 10 முதல் 15 நிமிடம்.

இந்தச் சோதனையில் குழந்தைகளே இல்லை. யாரும் இசை கற்றுக்கொள்ளவும் இல்லை, கேட்டார்கள், அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. இதிலிருந்து "மோட்சார்ட் கேட்டால் குழந்தை அறிவாளியாகும்" என்ற செய்தி எப்படிப் பிறந்தது என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஸெல் மில்லர், மாநிலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசை ஒலித்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் ஒதுக்கச் சொன்னார். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் என்று சி.டி.க்கள் விற்றுத் தீர்ந்தன. நம் ஊரிலும் வந்தன, வீணையும் புல்லாங்குழலுமாக.

பின்னாலேயே வந்த ஆய்வுகள் விஷயத்தைத் தெளிவாக்கின. விறுவிறுப்பான, மகிழ்ச்சியான இசையைக் கேட்டால் ஆளுக்குச் சுறுசுறுப்பு வருகிறது. சுறுசுறுப்பாக இருப்பவர் புதிரைக் கொஞ்சம் வேகமாகப் போடுகிறார். மந்தமான, சோகமான இசைக்கு அந்த விளைவு இல்லை. ஒரு சோதனையில் இசைக்குப் பதிலாகத் திகில் எழுத்தாளர் ஸ்டீஃபன் கிங்கின் கதை ஒன்றை ஒலிநாடாவில் போட்டார்கள். கதை பிடித்தவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஆக, நல்ல காபியும் ஏறக்குறைய இந்த வேலையைச் செய்யக்கூடும்.

சரி, கேட்பதை விடுங்கள், கற்றால்? அதையும் சோதித்திருக்கிறார்கள். இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வு 2004இல் வந்தது. கிளென் ஷெல்லன்பெர்க் என்ற கனடிய உளவியலாளர் டொராண்டோவில் 6 வயதுக் குழந்தைகள் 144 பேரைக் குலுக்கல் முறையில் நான்கு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு கீபோர்டு, ஒரு குழுவுக்கு வாய்ப்பாட்டு, ஒரு குழுவுக்கு நாடகம், கடைசிக் குழுவுக்கு அந்த ஆண்டு எதுவும் இல்லை. ஆண்டு முடிவில் எல்லாக் குழுக்களுக்கும் நுண்ணறிவுத் தேர்வில் மதிப்பெண் ஏறியிருந்தது, ஏனென்றால் அதே ஆண்டில் அவர்கள் பள்ளிப் படிப்பையும் தொடங்கியிருந்தார்கள். இசை கற்றவர்களுக்கு 7 புள்ளி, மற்றவர்களுக்கு 4.3. வித்தியாசம் 3 புள்ளிகூட இல்லை. அதே ஆய்வில் பலரும் எடுத்துச் சொல்லாத பகுதி ஒன்று இருக்கிறது: பிறரோடு பழகும் பாங்கில் முன்னேறியது நாடகக் குழு மட்டும்தான். நாடக ஆசிரியர்கள் ஏன் இதை நோட்டீஸில் போடுவதில்லை என்று தெரியவில்லை.

அதன்பின் வந்த ஆய்வுகள் பலவற்றில் அந்தச் சிறு வித்தியாசமும் தேய்ந்தது. 2013இல் ஹார்வர்டில் 4 வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த இரண்டு சோதனைகளில் இசை வகுப்புக்கென்று நிலையான ஆதாயம் எதுவும் தெரியவில்லை. 2020இல் 54 ஆய்வுகளை, ஏறத்தாழ 7,000 குழந்தைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, ஆய்வு எவ்வளவு ஒழுங்காக நடத்தப்பட்டதோ அவ்வளவுக்கு விளைவு சிறுத்துக்கொண்டே போய்ப் பூச்சியத்தை ஒட்டுகிறது என்றது. அதே எண்களை வேறுவிதமாகக் கணக்கிட்டு, இல்லை, சிறு பலன் உண்டு என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும் சண்டை சிறிய எண்களைப் பற்றியது.

அப்படியானால் பாட்டு கற்கும் பிள்ளைகள் படிப்பிலும் கெட்டியாக இருப்பதை நாம் கண்ணால் பார்க்கிறோமே? பார்ப்பது உண்மைதான். ஆனால் மாதம் ஆயிரக்கணக்கில் கட்டி, வாரம் இரண்டு நாள் கூட்டிக்கொண்டு போய், வகுப்பு முடியும்வரை வாசலில் காத்திருந்து கூட்டி வரும் வீடு எப்படிப்பட்ட வீடு? அந்த வீட்டில் புத்தகமும் இருக்கும், டியூஷனும் இருக்கும், படித்த பெற்றோரும் இருப்பார்கள். பாட்டை எடுத்துவிட்டாலும் அந்தப் பிள்ளை படித்திருக்கும்.

பக்கத்தில் உள்ளது கிடைக்கிறது

தொலைவுக்குத்தான் தடுமாற்றம். அருகில் பார்த்தால் இசைக்குப் பலன் உண்டு. அது முதலில் காதில் தெரிகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் வருமானம் குறைந்த பகுதிப் பிள்ளைகளுக்கு இலவசமாக இசை கற்றுக்கொடுக்கும் ஹார்மனி பிராஜெக்ட் என்ற அமைப்பு இருக்கிறது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நினா கிரௌஸ் குழுவினர் அங்கே படித்த பிள்ளைகளை ஆராய்ந்து 2014இல் முடிவு வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கும் பேச்சு அசைகளைக் கேட்கும்போது மூளை அவற்றை எவ்வளவு பிரித்துப் பதிவுசெய்கிறது என்று அளந்தார்கள். இரண்டு ஆண்டு கற்றவர்களிடம் அந்தப் பிரிப்பு கூர்மையாகியிருந்தது. ஓராண்டு கற்றவர்களிடம் மாற்றமே இல்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி வாக்கியம். கோடை விடுமுறைப் பயிற்சி முகாமில் ஒட்டிக்கொள்ளும் விஷயம் இல்லை இது.

பேச்சொலியைப் பிரித்துக் கேட்பதும் இசையைக் கேட்பதும் ஒரே காது செய்யும் வேலை. அதனால் இந்த மாற்றம் நடப்பதில் அதிசயம் இல்லை. தார்ன்டைக் சொன்னதுதான், பொதுக்கூறு இருக்கிறது.

இன்னொன்று, சேர்ந்திருப்பது. ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் 2010இல் வெளியான ஒரு சோதனையில் 4 வயதுக் குழந்தைகளை இரண்டிரண்டு பேராக விளையாட விட்டார்கள். சில ஜோடிகளுக்குப் பாட்டும் தாளமும் சேர்ந்த விளையாட்டு. மற்ற ஜோடிகளுக்கு அதே விளையாட்டு, பாட்டும் தாளமும் இல்லாமல். அப்புறம் ஒரு குழந்தையின் கையிலிருந்த குழாயின் அடி கழன்று கோலிக்குண்டுகள் சிதறும்படி ஏற்பாடு. சேர்ந்து பாடியாடிய ஜோடிகளில் மற்றக் குழந்தை ஓடிவந்து உதவியது அதிகம்.

இங்கே வந்து நின்றால் கேள்வியே மாறிவிடுகிறது. பாட்டு வேறு எதற்கு உதவும் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். பாட்டு வகுப்பில் உள்ளே நடப்பது என்ன என்று கேட்கவே இல்லை.

நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் ஒரு வரியைப் பாட முயல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் குரலையும் பக்கத்துக் குரலையும் ஒரே சமயத்தில் கேட்க வேண்டும். தன் குரல் தாழ்ந்திருந்தால் ஏற்ற வேண்டும், முந்திப் போனால் பிடித்துக்கொள்ள வேண்டும். பள்ளியின் மற்ற எல்லா வகுப்பிலும் பக்கத்தில் இருப்பவன் தொந்தரவு. அவனோடு பேசினால் குற்றம், அவனைப் பார்த்து எழுதினால் பெரிய குற்றம். பாட்டு வகுப்பில் பக்கத்துப் பிள்ளையைக் கேட்டு அதோடு சேர்வதுதான் பாடமே. இன்னொன்றும் உண்டு: நோட்டில் தப்பாக எழுதினால் அழித்து எழுதலாம், பாட்டில் அழிரப்பர் கிடையாது. தவறவிட்ட இடம் போய்விட்டது, பாட்டு நிற்காது, அடுத்த அடியில் சேர்ந்துகொள்ள வேண்டும். இந்தப் பயிற்சி டைம்டேபிளில் வேறெங்கும் இல்லை. விளையாட்டு மைதானத்தில் ஓரளவுக்கு இருக்கிறது, அந்தப் பீரியடும் இதே ஆபத்தில்தான் இருக்கிறது.

"என் பிள்ளைக்குச் சுருதியே சேராது" என்று பெற்றோர் சொல்வதுண்டு. சுருதி வேறுபாட்டைப் பிறவியிலேயே உணர முடியாதவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் நூற்றில் ஒன்றிரண்டு பேர். மற்ற எல்லோருக்கும் இது கேட்டுக் கேட்டு வரும் பழக்கம். நம் ஊரில் கேள்வி ஞானம் என்று சொல்லிவைத்தது சும்மா இல்லை. உண்மையில் நடப்பது என்னவென்றால், ஆறேழு வயதில் ஒரு பிள்ளை சுருதி விலகிப் பாடுகிறது, ஆண்டுவிழா நெருங்குகிறது, "நீ வாயை மட்டும் அசை" என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை ஐம்பது வயதிலும் தனக்குப் பாட வராது என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

ஹங்கேரியின் பாடும் பள்ளி

பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாட்டு என்பதை ஒரு நாடு முழுக்கச் செய்துபார்த்தது ஹங்கேரி. அதன் பின்னால் இருந்தவர் ஸோல்தான் கொடாய் (1882–1967), பெரிய இசையமைப்பாளர். இளம் வயதில் பேலா பார்டோக் என்ற இன்னொரு இசையமைப்பாளருடன் கிராமம் கிராமமாகப் போய், கிழவிகளும் குடியானவர்களும் பாடியதை ஒலிப்பதிவுக் கருவியில் பிடித்துவந்தவர். நாற்பது வயதுக்கு மேல் அவர் கவனம் குழந்தைகள்மேல் திரும்பியது. நல்ல இசை கச்சேரி அரங்கில் காசு கொடுத்து உட்கார்பவர்களின் சொத்தாக இருப்பதை அவர் ஏற்கவில்லை. எல்லோருக்கும் போய்ச்சேர வேண்டுமென்றால் வழி ஒன்றுதான், பள்ளிக்கூடம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளையிடமும் இருக்கிற கருவி ஒன்றுதான், குரல்.

1950இல் அவர் பிறந்த ஊரான கெச்கெமேத்தில் ஒரு தொடக்கப் பள்ளி, நாள்தோறும் பாட்டு வகுப்போடு ஆரம்பமானது. அதே மாதிரியில் பிற்பாடு நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் வந்தன. இசை மேதைகளை உருவாக்கும் பள்ளிகளாக அவை தொடங்கப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரிவது போல இசையையும் எல்லோரும் எழுதப் படிக்க வேண்டும் என்பதே நோக்கம். 2016இல் யுனெஸ்கோ இந்த முறையை, மரபைக் காக்கும் நல்ல வழிமுறைகளின் பதிவேட்டில் சேர்த்தது.

முறையின் உள்ளே போனால் நமக்கு நிறையப் பழகிய விஷயங்கள். மேலைநாட்டின் 'தோ ரே மி'யை அவர்கள் நம் ச ரி க மாதிரியே பயன்படுத்துகிறார்கள். 'தோ'வை எந்த உயரத்திலும் வைத்துக்கொள்ளலாம், ஆதார ஷட்ஜத்தை, அதாவது ச-வை, நாம் குரலுக்குத் தக்கபடி வைத்துக்கொள்வது போல. தாளத்துக்குச் சொற்கட்டு இருக்கிறது: ஒரு தட்டுக்கு ஒரு ஒலி என்றால் 'டா', இரண்டு ஒலி என்றால் 'டி-டி'. நம் தகதிமி, தகிடவோடு ஒப்பிட்டால் ஏழை உறவினர்தான். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைச்சைகை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஜான் கர்வென் என்ற ஆங்கிலப் பாதிரியார் பரப்பியது. 'தோ'வுக்கு இடுப்பளவில் மூடிய கை. சுரம் ஏற ஏறக் கையும் ஏறும். சுரம் மேலே போகிறது என்பதைக் குழந்தை கண்ணாலும் பார்த்துவிடுகிறது.

ஆனால் எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பாக இருப்பது, சுரங்களை அறிமுகப்படுத்தும் வரிசை. அவர்கள் கீழ் ச முதல் மேல் ச வரை ஏணி ஏறுவதில்லை. முதலில் இரண்டே சுரம், 'சோ'வும் 'மி'யும். நம் கணக்கில் ப, க (அந்தர காந்தாரம்). உலகம் முழுக்கச் சிறு குழந்தைகள் ஒருவரை ஒருவர் கூப்பிடும்போதும் கேலி செய்யும்போதும் இந்த இறக்கம் தானாகவே வருவதைக் கேட்கலாம். அப்புறம் 'லா', அப்புறம் 'தோ', 'ரே'. ஐந்து சுரம் ஆயிற்று: ச, சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம். மோகன ராகம்! அரை சுர இடைவெளி எங்கும் இல்லாததால் சிறு பிள்ளைகள் வழுக்கி விழ இடமில்லை. ஹங்கேரியின் பழைய கிராமப் பாடல்களும் பெரும்பாலும் ஐந்து சுரத்தில் அமைந்தவை, அவற்றின் படிகள் நம் சுத்த தன்யாசி ராகத்தை ஒட்டிவரும். ராகம் என்பது வெறும் சுரப்படி இல்லை என்று வித்வான்கள் கோபித்துக்கொள்வார்கள். சரிதான், நான் சொல்வது படிகளை மட்டும்.

நம் மரபில் புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் முதல் பயிற்சியான சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குகிறது. ச, ரி நெருக்கமாக இருக்கும். ரி, க தள்ளி நிற்கும். ப, த மறுபடி நெருக்கம். எதிரில் குரு உட்கார்ந்து, தம்புரா மீட்டி, ஒவ்வொரு சுரமாகத் திருத்தும்போது இது அருமையான தொடக்கம். நாற்பது பேர் உள்ள ஏழாம் வகுப்பில் இதையே வைத்துத் தொடங்கினால் முதல் வாரத்திலேயே பாதிப் பேர் வாயை மூடிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். பள்ளிப் பாட்டு வகுப்பு என்பது சபாக் கச்சேரிக்கு ஆள் தயாரிக்கும் இடம் இல்லை. அதற்கு வேறு வரிசைதான் பொருந்தும்.

அந்த வரிசை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காலை பிரேயரில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்து மோகனத்தில்தான் இருக்கிறது. மனோன்மணீயம் சுந்தரனாரின் வரிகளுக்கு மெட்டு போட்டவர் எம்.எஸ்.விஸ்வநாதன். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, முல்லைப்பாணி என்னும் மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 விநாடியில் பாட வேண்டும் என்கிறது. பொது நிகழ்ச்சிகளில் இசைவட்டு போடாமல், பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்றும் சொல்கிறது. கொடாய் தன் நாட்டுப் பிள்ளைகளுக்கு எந்த ஐந்து சுரத்தைத் தேர்ந்தாரோ அதே ஐந்து சுரத்தை நம் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வருடம் காலைதோறும் பாடுகிறார்கள். ஆனால் அவர்களில் எத்தனை பேருக்கு அது மோகனம் என்று தெரியும், அது மூன்று மூன்றாக நடக்கிறது என்று தெரியும்? யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இரண்டு பிள்ளைகள் மைக்கில் பாட, மற்றவர்கள் நேராக நிற்கிறார்கள்.

ஒரு பைசா செலவில்லாமல் ஒரு ஆசிரியர் செய்யக்கூடியவை இருக்கின்றன. எடுக்கும் சுருதியை முதலில் கவனிக்கலாம். குழந்தைகளின் குரல் பெரியவர் குரலைவிட உயரத்தில் இருக்கிறது. ஆண் ஆசிரியர் தன் வசதிக்குக் கீழே எடுத்தால் பிள்ளைகளுக்குப் பிடி கிடைக்காது, முணுமுணுப்பார்கள் அல்லது கத்துவார்கள். பாதி வகுப்பு பாட, பாதி வகுப்பு மூன்றின் முதல் தட்டை மட்டும் தட்டலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம். கொடாய் வகுப்புகளில் ஒரு விளையாட்டு உண்டு. பாடிக்கொண்டிருக்கும்போதே ஆசிரியர் சைகை காட்டுவார், குரல் நிற்கும், பாட்டு மனசுக்குள் தொடரும். மறுபடி சைகை காட்டினால் எல்லோரும் வாய் திறந்து ஒரே சொல்லில் சேர வேண்டும். முதல் முறை ஆளுக்கொரு சொல்லில் வந்து சேர்ந்து சிரிப்பு வரும். நான்கைந்து முறைக்குப் பிறகு சேர்ந்துவிடும். (மாநிலப் பாடலை வைத்து விளையாடுவது சரியில்லை என்று தோன்றினால் வேறு பாடல் எடுத்துக்கொள்ளுங்கள். மோகனத்துக்குத் தமிழில் பஞ்சமில்லை.)

என்ன பாட்டு கற்பிப்பது என்ற கேள்வியும் வரும். கொடாய், பிள்ளையின் தாய்மொழி எது பாடுகிறதோ அதிலிருந்துதான் தொடங்கினார். நமக்குத் தாலாட்டு, கும்மி, தெம்மாங்கு, தேவாரம், சிந்து என்று இருக்கின்றன. பறையும் தவிலும் இருக்கின்றன. சினிமாப் பாட்டை ஒதுக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகளின் காதில் ஏற்கெனவே இருப்பது அதுதான். எந்தச் சாதியின் இசை வகுப்பறைக்குள் வரலாம், எது வாசலோடு நிற்க வேண்டும் என்று சொல்லாமல் சொல்லும் பழக்கம்தான் ஒழிய வேண்டியது.

ஆள் யார்?

தமிழ்நாட்டில் 2012இல் அரசு நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளுக்காக ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி போன்றவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேர் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய் என்று தொடங்கிய வேலை. இவர்களில் இசைக்கு வந்தவர்கள் சிறு பங்கு. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடுவதைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். இன்னொரு பக்கம் நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின் எல்லாம் கற்பிக்கும் மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படித்து வெளியே வருகிறவர்களுக்கு வேலை எங்கே என்பதும், பள்ளிகளில் பாட்டு டீச்சர் எங்கே என்பதும் ஒரே மாநிலத்தில் தனித்தனியாகக் கேட்கப்படும் இரண்டு கேள்விகள்.

2022–23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள். கிராமத்துப் பிள்ளை மேடையேறுவது நல்ல விஷயம், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் போட்டி ஏற்கெனவே பாடத் தெரிந்த பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. வகுப்பின் வேலை பாடத் தெரியாத மற்ற முப்பத்தொன்பது பேரோடு. முதலாவது இரண்டாவதற்கு மாற்றாக முடியாது.

இலங்கையில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே அழகியல் பாடம் பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் கர்நாடக சங்கீதத்தைத் தேர்ந்து சாதாரண தரப் பரீட்சை (நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்றது) வரை எழுதலாம். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் தனியாக உண்டு. பாடத்துக்கு ஆசிரியர் உண்டு, நேரம் உண்டு, மரியாதை உண்டு. பரீட்சை வந்துவிட்டால் அதன் தொல்லைகளும் வந்துவிடும்: ராக லட்சணங்களை மனப்பாடம் செய்து எழுதுவது பாடுவதை விடச் சுலபம். இருந்தாலும் கணக்கு ஆசிரியர் கடன் கேட்க முடியாத பீரியட் என்பது சின்ன விஷயம் இல்லை.

பாட்டு டீச்சரே இல்லாத பள்ளியில் என்ன செய்வது? தமிழ் ஆசிரியர் இருக்கிறார். செய்யுள் பகுதி இருக்கிறது. வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்று யாப்பிலக்கணத்தில் மாணவர்கள் எழுதுகிறார்கள், மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள், அந்த நான்கில் ஒன்றைக்கூடக் காதால் கேட்டிருக்க மாட்டார்கள். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்ற வாய்பாடுகள் கைதட்டிச் சொல்வதற்காகவே செய்தது போல இருக்கின்றன. நேரசைக்கு ஒரு தட்டு, நிரைக்கு இரண்டு வேகத் தட்டு என்று வைத்துக்கொண்டு ஒரு குறளை வகுப்பு முழுக்கச் சேர்ந்து சொல்லிப் பார்க்கலாம். சீர் பிரிக்கத் தெரியாமல் விழிக்கும் பிள்ளைக்கு எங்கே பிரிகிறது என்று கை சொல்லிவிடும். பாட்டும் பாடமும் இங்கே ஒரே பொருளால் ஆனவை என்பதால், இந்த மாற்றத்தைத் தேடித் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு பீரியட் போதும், தனி அனுமதியும் வேண்டாம். பக்கத்து வகுப்பில் இருந்து சத்தம் அதிகம் என்று புகார் வரும், அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.